குழிக்குள் மூன்று கோடு

நோமுவுக்கு இடது கால் பிறவியிலேயே சூம்பியது. படகில் ஏற முடியாததால் கரையில் உட்கார்ந்து மான்கொம்பைச் சீவி எல்லோருக்கும் ஈட்டிமுனை செய்து கொடுத்தான். எங்கள் சிப்பிமேட்டில் அவன் முனைக்கு ஈடு கிடையாது. அதை அவனிடம் சொன்னவர்களும் கிடையாது.

கடல்சிங்கத்தின் உடம்பில் யார் செய்த முனை இருக்கிறதோ, அவனுக்குத்தான் தலையும் கொழுப்பும். முனையில் வெட்டியிருக்கும் கோடுதான் சாட்சி. நோமுவின் குறி மூன்று கோடு. என் புருஷன் தகாரி அதைக் கல்லில் தேய்த்து அழித்துவிட்டுத் தன் குறியை வெட்டிக்கொள்வான். நோமுவின் மனைவி உனா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பனிக்காலம் முழுக்க வெறும் கொட்டைக் கஞ்சிதான் குடித்தாள். கொழுப்பு கேட்டு வந்தவனிடம் தகாரி, "நொண்டிக்கு எதுக்குடா கொழுப்பு? ஏற்கெனவே நெறைய இருக்கே" என்றான். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நோமு அந்த மூன்று கோடுகளையும், முனையில் ஈட்டித்தடி செருகும் குழிக்குள்ளே கீறினான். அடுத்த வேட்டை கரைக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும், முனையைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொன்னான். மூன்று கோடு இருந்தது. தலையும் கொழுப்பும் உனாவின் சட்டிக்குப் போயின. அன்றைக்கு அடி வாங்கியது நான்.

முனைகளை ஈரப்பாசியில் பொதிந்து வைக்க வேண்டும். பாசி அள்ளிவரச் சோம்பி, என் கொழுந்தன் இசேயின் முனையை அடுப்புக்கு மேலே செருகிவிட்டேன். ஏழெட்டு நாள் சூட்டில் காய்ந்தது. இசே குத்திய வேகத்தில் அது பிளந்தது. மிருகம் திரும்பிப் படகைக் கவிழ்த்தது. அவன் உடம்பு மூன்றாம் நாள்தான் ஒதுங்கியது, கையில் சுற்றிய கயிற்றில் பாதி முனையோடு.

தகாரி அதன் குழிக்குள் பார்த்துவிட்டு நோமுவிடம் நீட்டினான்.

"மூணு கோடு. இதுவும் ஒன்னோடதுதானே?"

முனை உடைந்து ஆள் செத்தால், செய்தவனின் விரல் போகும். நோமு துண்டை வாங்கி மோந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணி, இதுல அடுப்புப் பொக வாடை அடிக்குது. எங்க வெச்சிருந்தீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் தகாரி என்னைக் கொன்றே போட்டிருப்பான்.

"பாசிலதான் வெச்சேன்" என்றேன்.

நோமுவின் வலது கையில் கட்டைவிரலையும் அடுத்ததையும் எடுத்தார்கள். அதோடு கொழுப்பும் நின்றது. பிள்ளை பெற்ற உனாவுக்குப் பால் ஊறவில்லை. குழந்தை ஒன்பது நாள்தான் இருந்தது.

நோமு செய்ததில் நான்கு முனைகள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. குழிக்குள்ளும் தேய்த்து அழித்துவிட்டான் தகாரி. கொழுப்பு எங்கள் சட்டிக்கே வருகிறது. பாசியை நான் ஒரு நாளும் காயவிடுவதில்லை.