பௌர்ணமிக்கு ஒரு சொம்பு

எங்கள் மாடிப்படிக்கு அடியில் வெயிலே விழாது, குழாயும் எட்டாது. அங்கே வைக்கத் தொட்டிச்செடி வாங்க மனைவியோடு செங்கம் ரோட்டு நர்சரிக்குப் போனேன். நான் ரோஜாவைக் காட்டினேன். அவளோ, “தண்ணி கம்மியா ஊத்தினாலும் சாகாத செடியா குடுங்க” என்று கேட்டு, பாம்புச்செடி இரண்டை எடுத்தாள்.

“இதுல என்ன அழகு இருக்கு?” என்று கடைக்காரர் முன்னாலேயே எரிந்து விழுந்தேன்.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு சொம்பு ஊத்துங்க, போதும். கிரிவலக் கூட்டத்தைப் பார்த்தா உங்களுக்கே ஞாபகம் வரும்” என்றாள்.

இரண்டே மாதத்தில் அவள் போய்விட்டாள். மனசு கேட்காமல் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு செடி வேரோடு அழுகிப்போனது. மற்றதற்குப் பௌர்ணமியன்று மட்டும்தான் சொம்பை எடுக்கிறேன்.

போன வாரம் அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினேன். நர்சரிக்குப் போனதற்கு முந்தின நாளே டாக்டர் கைவிரித்திருக்கிறார்.