ஒரே நேரத்தில் இரண்டு மெஷின்களின் முறை

வலங்கைமானில் என் வீட்டு மாடியில், கிரிப்டோ நாணயப் பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர் ஒன்று ஓடுகிறது. அதன் முறை வரும்போது அணைந்திருந்தால் அபராதம். அறுவடைத் தூசி அதன் விசிறியை அடைத்துவிட்டது. அடுத்த முறைக்கு நாற்பது நிமிஷம் இருந்ததால், அணைத்துக் கழற்றினேன்.

பாதியில் மனைவி ஓடி வந்தாள்.

"அறுப்பு மெஷின் வந்துடுச்சுங்க. வயல்ல இறங்க வழி காட்டலன்னா அடுத்த ஊருக்குப் போயிடுமாம்!"

"கொஞ்சம் நிக்கச் சொல்லு. இதுக்கு முறை வந்துடும்."

"அதுக்கும் நம்ம முறை இன்னைக்குத்தான். நீங்க போங்க, இதை நான் மாட்டுறேன்."

ஓடினேன். மெஷினை வயலில் இறக்கிவிட்டு, அபராதம் நிச்சயம் என்று வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினால், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முறையும் தவறவில்லை. மனைவியின் உள்ளங்கையில் மூன்று ஸ்க்ரூ.

"இதெல்லாம் கூடுதலா இருந்துச்சுங்க," என்றாள்.