நாங்கள் கட்டினது

1. ஒப்பந்தகாரர் பதிவுக்கு என் பேரில் விண்ணப்பித்தேன்.
2. முன்பு செய்த வேலைகள் என்ற பகுதியில் மூன்றை எழுதினேன்: புளியங்கூடல் மதகு, வேலணை முன்பள்ளிக் கழிவறை, நெடுந்தீவுத் தண்ணீர்த் தொட்டி.
3. அந்த மூன்றையும் கட்டியவர் மேசன் அண்ணை.
4. பதிவு கிடைத்தது.
5. மேலே மூன்றாம் வரியில் உள்ளதை நான் எவருக்கும் சொல்லவில்லை.

மேசன் அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த நாட்களில் நான் கட்டடத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, கிராம அபிவிருத்திச் சங்கம் எடுக்கும் சிறு வேலைகளுக்கு மதிப்பீடு போட்டு, அளவெடுத்து, கடதாசி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை சங்கத்தின் பேரில் வரும். ஆட்களைப் பிடித்துக் கட்டி முடிப்பது அவர். நெடுந்தீவுத் தொட்டிக்கு நான் போனது நான்கு தடவை. குறிகட்டுவானில் படகு ஏறுவதே எனக்குப் பிடிக்காது. போய், அளந்து, அடுத்த படகில் திரும்பிவிடுவேன். அவர் அங்கே நாற்பத்தொரு நாள் தங்கினார். இரண்டு எண்ணிக்கையும் என் குறிப்புப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. கொங்கிரீட் குழைக்க முன் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்த்துத் துப்புவார். ஒரு நாள் கிணறு உவர்த்துவிட்டதென்று எல்லோரையும் இருத்திவிட்டு, நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வரும்வரை அரை நாள் காத்திருந்தார். நான் அதைத் தாமதம் என்று எழுதி வைத்தேன்.

வேலை முடிந்ததற்கான கடிதத்தில் பொறுப்பாக நின்றவர் என்று ஒரு பெயர் போடவேண்டும். சங்கத் தலைவர் கேட்டபோது அவர்தான் சொன்னார்: “தங்கச்சியின்ர பேரைப் போடுங்கோ. எழுதினதெல்லாம் அவதானே. என்ர பேரைப் போட்டால் கந்தோரிலை இங்கிலீசிலை கேள்வி கேப்பாங்கள்.” எல்லோரும் சிரித்தோம். அந்தக் கடிதங்கள் பின்னால் எதற்கு உதவும் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கடிதங்களோடு பதிவுக்குப் போன நேர்முகத்தில் அதிகாரி தொட்டியின் படத்தைக் காட்டி, இது நீங்கள் கட்டியதா என்று கேட்டார். “ஓம், நாங்கள் கட்டினது” என்றேன். எங்கள் பக்கத்தில் தனி ஆளாக நின்றும் ‘நாங்கள்’ என்போம். காசு கொடுத்தவரும் வீடு கட்டினவர்தான், கல் வைத்தவரும் வீடு கட்டினவர்தான். பொய் இல்லாத சொல்லாகத் தேடித்தான் அதை எடுத்தேன். அப்படித் தேடியதை நினைக்கும்போது இன்றும் முகம் சுடுகிறது.

அடுத்த வருடம் அவரும் பதிவு எடுக்க நினைத்தார். படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி வீட்டுக்கு வந்து, கதிரை நுனியில் இருந்து, வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே மூன்றையும் எழுதினேன். ஒரே வேலை இரண்டு பெயர்களில் பதிவாகாது என்று எனக்குத் தெரியும். வேறு வேலைகள் இருக்கின்றனவா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால், ஏன் என்பாரோ என்ற பயம். எழுத்துப் பிழை இல்லாமல் நிரப்பி, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, மண்கும்பானில் நான் எடுத்திருந்த மதில் வேலைக்கு அவர் வந்தார். படிவம் சட்டைப் பைக்குள் மடித்திருந்தது.

“மூண்டு வேலையும் ஏற்கெனவே உம்மட பேரிலை பதிஞ்சு கிடக்காம்.”

ஓம் என்றேன்.

“அப்ப நாப்பத்தொரு நாளும் நான் நெடுந்தீவிலை காட்டுக் குதிரை பாக்கவோ நிண்டனான் எண்டு கேட்டன். கந்தோர்க்காரன் சிரிக்கிறான்.”

“அண்ணை, நான்...”

“எனக்கு எழுதித் தரேக்கை உமக்கு இது தெரியுமோ, தெரியாதோ? அதை மட்டும் சொல்லும்.”

“தெரியும்.”

மதிலின் வரிசையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, “சரி. எனக்கு வேலை வேணும். உம்மட கொந்தராத்திலை என்னைப் போடும்” என்றார்.

போட்டேன். வேலையாட்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘மேசன்’ என்று எழுதினேன். தங்கச்சி என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து ‘மிஸ்’ என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. மற்ற ஆட்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பதிவைப் புதுப்பிக்கும் படிவம் இந்த மாதம் வந்தது. முன்பு காட்டிய வேலைகளை மீண்டும் உறுதிப்படுத்தக் கேட்டிருந்தார்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கட்டியவர் யார் என்று ஒரு கடிதம் எழுதி இணைத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்துதான் அவரிடம் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “உங்கட பதிவு போனால் எங்கட வேலையும் நிக்கும். குடுக்க முன்னம் என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாமே, மிஸ்?”

அவரைக் கேட்காமல் அவர் விஷயத்தில் நான் முடிவெடுத்தது இது இரண்டாவது தடவை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. என் பதிவு இந்த மாத முடிவுவரை செல்லும். அவருக்குப் பதிவு இல்லை. வேலணையில் வாய்க்கால் வேலை நடக்கிறது. காலை ஏழு மணிக்கு அவர் வருகிறார், நானும் வருகிறேன்.