ரைட்டர் கேட்ட கேள்வி

சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா தங்கவயலை விட்டு வந்து, ஜோகுபாளையத்தில் எங்களோடு இருந்தார். ஒருநாள் காலையில் பேப்பர் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் நாங்களே தேடிவிட்டு, மூன்றாம் நாள் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பேப்பர் கடை எங்கே என்று கேட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றேன். "அது எங்க லிமிட் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு ஸ்டேஷனுக்கும் ஒரே காக்கி, ஒரே கமிஷனர். நடுவில் இருப்பது ஒரு ரோடு. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அப்பாவைப் போலவே நானும் அந்த ரோட்டைத் தாண்டினேன்.

அங்கே புகார் எழுதும் ரைட்டர் கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் பேசினார். அப்பாவின் உயரம், சட்டை நிறம், வலது கையில் இல்லாத சுண்டுவிரல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வயர்லெஸ்ஸில் எல்லா ஸ்டேஷனுக்கும் தகவல் போகும் என்றார். பிறகு பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அப்பா இதுக்கு முன்ன எப்பவாவது தப்பிச்சிக்கிட்டுப் போயிருக்காரா?"

கன்னடத்தில் வழி தவறிக் காணாமல் போவதற்கும் அந்தச் சொல்தான். அவர் கேட்டது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் அது தமிழாகவே விழுந்தது. முப்பது வருடம் பூமிக்கு அடியில் இருந்தவர். அதற்குப் பிறகு எங்கள் ஒற்றை அறையில், டிவிக்கு முன்னால்.

"இல்ல சார்," என்றேன். "இதான் மொதல் தடவ."