அளவுப் பெட்டி

ஒரு பை வாங்க எங்கள் வீட்டில் நடந்த அலைச்சல், பெண் பார்க்கக்கூட நடந்ததில்லை. கம்பைநல்லூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரே மாலையில் கேசரி தின்று, காபி குடித்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதே அத்தை தன் கேமராவுக்கு ஒரு பை தேடி தர்மபுரிக் கடைகளில் மூன்று வாரம் நடந்தாள். எல்லா நடைக்கும் நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ரோஸ்மில்க் நிச்சயம் என்பதால், பை கிடைக்காமலே இருக்கட்டும் என்று சாமியிடம்கூட வேண்டிக்கொண்டேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நல்லம்பள்ளியில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். பெங்களூரில் போட்டோ எடுக்கப் படித்தவள், வரும்போது ஒரு பழைய மரக் கேமராவையும் வாங்கி வந்திருந்தாள். மடித்தால் பெட்டி. விரித்தால் முன்னால் லென்ஸ், நடுவில் ஆர்மோனியம் மாதிரி மடிப்பு, பின்னால் ஒரு கண்ணாடி. தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு படத்துக்குக் கை அகலத்தில் ஒரு பிலிம், அதை வைக்கத் தட்டையாக ஒரு உறை. ஸ்டாண்டோடு சேர்த்தால் பத்து கிலோவுக்குக் குறையாது.

"செல்போன்ல ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கறானுங்க. நீ பத்துப் படம் எடுக்க பத்து கிலோ செமக்கணுமா?" என்பார் தாத்தா.

"ஆமாங்ப்பா," என்பாள் அத்தை. அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டாள்.

பெங்களூரில் ஒரு குழு, ஒரு வருஷம் மலைக் கிராமங்களில் சுற்றிப் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. முதலில் சித்தேரி மலைக்குப் போய்ப் பத்துப் படம் எடுத்து வா, பிடித்திருந்தால் அந்த வேலை உனக்கு என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். தாத்தாவும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். படம் அவர்களுக்குப் பிடித்தால் போகலாம். இல்லையென்றால் கம்பைநல்லூருக்குச் சரி சொல்லிவிட வேண்டும். அத்தையும் ஒப்புக்கொண்டாள். பத்துப் படம்தானே என்று அவளுக்கு அவ்வளவு தைரியம்.

ஆனால் அந்தக் கேமராவுக்கு ஏற்ற பை ஊரில் இல்லை. கேமராப் பை என்று கடைக்காரர்கள் காட்டியதில் சின்னச் சின்ன அறைகள்தான் இருந்தன. இவள் கேமராவின் கால் பாகம்கூட அதில் போகாது. மலையேறுகிறவர்கள் மாட்டும் நீளப் பை ஒன்று கிடைத்தது. அது மேலே மட்டும்தான் திறக்கும். அடியில் இருக்கும் லென்ஸை எடுக்க மொத்தத்தையும் தரையில் கொட்ட வேண்டும். ஸ்கூல் பை என்றால் வார் அறுந்துவிடும். அத்தை ஒவ்வொன்றையும் தோளில் மாட்டிக் கடைக்குள்ளேயே நடந்து பார்ப்பாள். இடுப்பில் பட்டை இருக்கிறதா, பஸ்ஸில் மடியில் வைக்க முடியுமா என்று பார்ப்பாள். பிறகு கடைக்காரர் முகம் சுண்டிப்போக, திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பை தைக்கிற பாய் ஒருவர், தைத்தே தருகிறேன் என்றார்.

"சாமானக் கொண்டாங்கம்மா, வச்சுப் பாத்துத் தச்சிடறேன்."

"பேக் இல்லாம எதுலங்க பாய் கொண்டாறது?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். "அப்ப அளவு குடுங்க," என்றார் பாய்.

எங்கள் பக்கத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் கூடவே பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுப்போம். எண்ணில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. அத்தையும் இரண்டு நாள் உட்கார்ந்து, கேமரா அளவுக்கு அட்டையில் மூடியோடு ஒரு பெட்டி செய்தாள். ஓரமெல்லாம் வெள்ளை டேப் ஒட்டி, எது மேல், எது கீழ் என்று எழுதினாள்.

அந்த அளவுப் பெட்டி மேல் ஏறித்தான் நான் மிக்சர் டப்பாவை எடுத்தேன். அம்மா எனக்கு எட்டாமல் இருக்கட்டும் என்றே அதை மேல் அலமாரியில் வைத்திருந்தாள். டப்பா கைக்கு வந்த நேரத்தில் பெட்டியின் வாய்ப்பக்கம் நசுங்கிப் போனது. ஐயோ, அத்தை பார்த்தால் அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தால் கரண்டிக் காம்புதான். நசுங்கிய ஓரத்தைக் கத்தரிக்கோலால் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்தேன். மூடியைப் போட்டு என் பிரவுன் டேப்பை ஒட்டினேன். துணிக்கடைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, டவுனுக்குக் கிளம்பிய அப்பா கையில் நானே கொடுத்தேன். இரண்டு விரல்தானே, ஒரு நோட்டு அதிகமாகத் திணித்தால் என் ஸ்கூல் பை நெகிழ்ந்து கொடுக்கிற மாதிரி இதுவும் கொடுக்கும் என்று நினைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் பை வந்தது. கரும்பச்சைக் கேன்வாஸ், உள்ளே நாலு பக்கமும் அடியிலும் கனத்த ஸ்பான்ஜ், நெகிழாமல் இருக்க மெல்லிய பலகை வேறு. அத்தை ஆசையாகத் தடவித் தடவிப் பார்த்தாள். கேமராவை இறக்கினாள். இரண்டு விரல் வெளியே நின்றது.

"பாய் கொறச்சுத் தச்சிட்டாரு போல," என்றாள். விடிகாலை பஸ். வேறு வழி இல்லாமல் பிளேடால் அடி ஸ்பான்ஜை அறுத்து எடுத்தாள். கேமரா கச்சிதமாக உட்கார்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மூன்றாம் நாள் வெயிலில் கறுத்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரும்பி வந்தாள். மலை பஸ்ஸில் மடியில் வைக்க இடமில்லாமல் பையைக் காலடியில் வைத்தாளாம். சாமைக் காட்டில் ஒரு குடும்பமே படத்துக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதாம். பெங்களூரில் பிலிமைக் கழுவிப் பார்த்தபோது பத்துப் படத்திலும் ஒரு மூலையிலிருந்து குறுக்கே வெள்ளைக் கோடு. கேமராவின் கீழ்ச் சட்டத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். அடியில் ஸ்பான்ஜ் இல்லாமல் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டதில் சட்டம் விட்டு, அது வழியாக வெளிச்சம் புகுந்திருந்தது.

அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு பாயிடம் சண்டைக்குப் போனாள். அவர் பரணிலிருந்து அளவுப் பெட்டியை எடுத்து, அத்தை அறுத்த இடத்தில் வேறு ஸ்பான்ஜைப் போட்டுப் பைக்குள் வைத்துக் காட்டினார்.

"பாருங்கம்மா, நூல் பிசகல."

நான் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பெட்டியை வாங்கி அந்தப் பிரவுன் டேப்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"உங்க மேல தப்பில்லீங்க பாய். நாந்தான் அளவ தப்பா குடுத்துட்டேன்," என்றாள்.

டவுன் பஸ்ஸில் என்னை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏங்கண்ணு வெட்டுன?" என்று கேட்டாள். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவளே, "அத்த ஊர விட்டுப் போறது உனக்குப் புடிக்கலையா?" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை. ஆனால் மிக்சரைவிட அது நல்ல காரணமாகத் தெரிந்தது. "ஆமா" என்று சொல்லிவிட்டு அழுதேன். பயத்தில் வந்த அழுகை. அத்தை என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. கோட்டைத் தாண்டிப் பார்த்தால் படங்கள் நன்றாக இருக்கின்றன, கேமராவைச் சரிசெய்து ஒரு மாதத்தில் இன்னும் ஐந்து அனுப்பு என்றார்கள். ஆசாரியிடம் கொடுத்தால் ஒரே நாளில் ஒட்டிவிடுவார் என்றார் அப்பா. "ஒரு மாசந்தானே, போய்ட்டு வரட்டும்," என்று தாத்தாவே இறங்கி வந்தார். நான் தோசை தின்றுகொண்டிருந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள்.

"வேணாங்ப்பா. வருஷம் பூரா நான் வூட்ல இல்லன்னா புள்ள ஏங்கிப் போயிடும். கம்பைநல்லூருன்னா வாரம் ஒருக்கா வந்து பாத்துக்கலாம்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. சொன்னபடி வாரம் தவறாமல் வந்தாள். இரண்டே மாதம்தான் நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன், அதற்குப் பிறகு அவள் வந்தாலும் நான் விளையாட்டை விட்டு எழுந்து வரவில்லை.

இன்றைக்கும் கம்பைநல்லூர் போனால், வந்தவர் போனவரிடமெல்லாம் என்னைக் காட்டி, "என்ன அனுப்ப மனசில்லாம அளவுப் பெட்டியவே வெட்டிப்புட்டா, கள்ளி," என்று பெருமையாகச் சொல்கிறாள். நானும் சிரிக்கிறேன். பாவி, உண்மையைச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

அன்று பஸ்ஸில் அவள் மடியில் இருந்தபோது, அடியிலிருந்து தப்பித்தோம் என்ற ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. மிக்சர் திருடினேன் என்று சொல்லியிருந்தால் கரண்டிக் காம்பால் நாலு அடி விழுந்திருக்கும். சாயங்காலத்துக்குள் வலி போயிருக்கும், அத்தையும் மலைக்குப் போயிருப்பாள். பயந்து சொன்ன ஒரு "ஆமா"வைப் பாசம் என்று நம்பி ஒருத்தி தன் ஆசையையே விட்டுவிடுவாள் என்பது எனக்குத் தெரியவில்லை.