படிப்படியாரின் கோடை அறிக்கை

பதினேழு கோடைகள். அத்தனைக்கும் சேர்த்து அவர் எழுதியது ஒரே வாக்கியம்: "வெப்பம் படிப்படியாகக் குறையும்." மண்டல வானிலை அலுவலகத்தில் தினசரி மாலை அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஊர் அவருக்கு வைத்த பெயர் படிப்படியார். காய்கறிக்காரர்கூட விடுவதில்லை. "தக்காளி விலை எப்ப சார் குறையும்? அதுவும் படிப்படியாவா?"

அந்த வாக்கியத்தில் ஒரு சௌகரியம் உண்டு. எந்த வெயிலும் என்றைக்காவது குறைந்துதானே தீர வேண்டும்? எழுதியவரை யாரும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. இயக்குநருக்கும் அது பிடித்துப்போயிற்று. "ஜனங்களைப் பயமுறுத்தினா போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். எடுக்க நம்மகிட்ட ஆள் எங்க?" என்பது அவருடைய அறிவியல்.

இந்தக் கோடையில் மலைப்பக்கம் காடு பற்றிக்கொண்டது. வெயில் போதாதென்று புகையும் இறங்கி வந்தது. காயப்போட்ட துணியிலெல்லாம் கருகல் வாடை. படிப்படியார் "வெப்பம்" என்பதை "வெப்பமும் புகையும்" என்று ஆக்கினார். மீதியைத் தொடவில்லை.

வினை வீட்டுக்குள் இருந்தது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. ஆனாலும் ஓடுவாள், வகுப்பில் அவளை முந்த ஆளில்லை. வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் மாவட்ட அணிக்கான தேர்வு ஓட்டம். நடத்துவதா வேண்டாமா என்பதை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

"அப்பா, வழக்கமா எழுதுறதையே எழுதிடுங்க, போதும்," என்றாள் மகள்.

"நீ பேசாம இருடி," என்ற மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"நம்ம பக்கம்தான்."

"அதை எழுதறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

வியாழன் மாலை இயக்குநர் சீக்கிரம் கிளம்பிப்போன தைரியத்தில் அவர் எழுதினார்: "நாளை மாலை புகை மேலும் அதிகரிக்கும். வெளியே விளையாடுவதைத் தவிர்க்கவும்." அனுப்பி முடித்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

வெள்ளி காலைப் பத்திரிகையில், வெப்பமும் புகையும் படிப்படியாகக் குறையும் என்று இருந்தது. மகள் துள்ளிக் குதித்துப் பள்ளிக்குப் போனாள். மனைவி காபியை மேசையில் ணங்கென்று வைத்தாள். அவர் பத்திரிகை அலுவலகத்துக்கு போன் போட்டார்.

"ஆமா சார், நேத்து ஏதோ தப்பா வந்திருந்துச்சு," என்றார் உதவியாசிரியர். "நான்தான் பார்த்துச் சரிபண்ணினேன். அட, இதுக்கெல்லாம் நன்றி சொல்லணுமா சார்?"

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு மாலை மைதானத்துக்கு ஓடினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி கோல் கம்பம் தெரியவில்லை. பந்தலுக்குக் கீழே தலைமையாசிரியை பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க மேடம். புகை இன்னும் ஏறும்."

"நீங்கதானே சார் குறையும்னு போட்டிருக்கீங்க?"

"அது நான் எழுதினதில்ல."

"பதினேழு வருஷமா வேற யாரு எழுதினாங்களாம்?"

அவர் நேராக ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் போனார். மகள் குனிந்து, முழங்கையில் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தார்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க. மானத்தை வாங்காதீங்க."

"வாங்கியாச்சு. நட."

வாசலை நோக்கி அவளை இழுத்துக்கொண்டு போனபோது, கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து நின்றார். "ஏங்க, வானிலைக்காரரே தன் புள்ளையைக் கூட்டிட்டுக் கிளம்புறாரு. நாம என்ன பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கோம்?"

அவ்வளவுதான். நாற்காலிகள் சரிந்தன. அப்பாக்கள் கோட்டுக்குப் பாய்ந்தார்கள். ஒருவர் அவசரத்தில் அடுத்த வீட்டுப் பையனைப் பிடித்து இழுத்தார். விசில் ஊதவேண்டியவர் வாயில் விசிலோடு நிற்க, மைதானம் காலியாகிவிட்டது. ஊர் நம்பிய படிப்படியாரின் முதல் அறிக்கையில் ஓர் எழுத்துகூட இல்லை.

அன்றிரவு மகள் மருந்தை உறிஞ்சிவிட்டு, அவரைப் பார்க்காமலே படுத்துக்கொண்டாள்.

தேர்வு ஓட்டத்தை முதல் மழைக்குப் பிறகு வைத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை அறிவித்திருக்கிறார். மகள் அதில் ஓடுகிறாள். அப்பா வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.