தலைக்குள் ஒரு ஒழுகல்

குடிநீர் வாரியத்தில் அவரைக் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், அடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொல்லித் தோண்டி ஏமாந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஐம்பத்தோராவது வயதில் அவருடைய வலது கண் சிவந்தது. சொட்டு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. வேறு மருந்து கொடுத்தார்கள். கண் பிதுங்க ஆரம்பித்தது, ஒரு கதவு இரண்டாகத் தெரிந்தது. போதாக்குறைக்குத் தலைக்குள் உஸ்... உஸ்... என்று நாடியோடு சேர்ந்து ஓயாத சத்தம்.

“இது வெறும் இரைச்சல் இல்ல, ஒழுகல். எங்கயோ பிச்சுக்கிட்டிருக்கு,” என்றார் மனைவியிடம்.

“உங்களுக்கு எல்லாமே குழாய்தான்,” என்றவள், விளையாட்டாக அவர் நெற்றிப்பொட்டில் காதை வைத்தாள். அவள் முகம் மாறிவிட்டது. “ஏங்க, எனக்கே கேக்குது.”

அதுவரை பார்த்த இரண்டு டாக்டர்களும் ‘ஒழுகல்’ என்றதும் சிரித்தவர்கள். மூன்றாவதாகப் பார்த்த கண் டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணின் வெள்ளையில் ரத்தநாளங்கள் திருகுபோல முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

“நீங்க சொன்னது கிட்டத்தட்ட சரிதான் சார். கண்ணுக்குப் பின்னாடி தமனியும் சிரையும் சேரக்கூடாத இடத்துல சேர்ந்திருக்கு. வேகமா வர்ற ரத்தம் நேரா சிரைக்குள்ள பாயுது. கண்ணுல இருந்து திரும்பிப் போகவேண்டிய ரத்தம் வழியில்லாம தேங்குது. விட்டா பார்வை போயிடும்.”

“மண்டையைத் தோண்டணுமா?”

“வேண்டாம். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டுப் போய் அடைச்சுடலாம்.”

‘குழாய்’ என்றதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

ஆஞ்சியோகிராம் படத்தில் இணைப்பு இருந்த இடம் துல்லியமாகத் தெரிந்தது. நான்கு மணி நேரம் வேலை நடந்தது. பிளாட்டினச் சுருள்களை ஒவ்வொன்றாக உள்ளே திணித்து வழியை அடைத்தார்கள்.

விழித்தபோது மின்விசிறி சுற்றுவது கேட்டது, தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. தலைக்குள் எதுவுமே கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கவனித்தார்.

“எப்படிங்க இருக்கு?” என்றாள் மனைவி.

“சொட்டுக்கூட இல்ல,” என்றார்.

“எனக்கு ஒரு மோதிரம் வாங்கித் தரல, உங்க தலைக்குள்ள பிளாட்டினமா,” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறு வாரத்தில் சிவப்பு வடிந்தது. மூன்றாம் மாதம் கதவு ஒன்றாகத் தெரிந்தது. அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் கேட்டு வாங்கி, அலுவலகத்தில் ஊரின் குழாய் வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். யார் வந்தாலும் நிறுத்திக் காட்டுவார்.

“டாக்டருங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே நான் சொன்னேன்,” என்பார், கொஞ்சமும் அடக்கமில்லாமல்.